ஒன்பது பொட்டலம் உப்பு

1991 ஜூலை 9 — 210/126 — 2.3
1991 செப்டம்பர் 20 — 166/102 — 3.5
1991 நவம்பர் 18 — 214/130 — 2.2
1991 டிசம்பர் 11, 12, 13 — 9 பொட்டலம் — 18 கிராம்
1991 டிசம்பர் 14 — 1,480 மில்லி
1992 ஜனவரி 18 — 3,260 மில்லி
1992 பிப்ரவரி 7 — இடது — 14 மில்லிமீட்டர்
1992 மார்ச் 3 — 3 மணி 10 நிமிடம்
1992 ஜூலை 9 — 130/84 — 4.2

முதல் வரியில் உள்ள எண்கள் கஜபதியுடையவை. 210/126 என்பது அவருடைய ரத்த அழுத்தம். 2.3 என்பது ரத்தத்தில் இருந்த பொட்டாசியம். அது மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. ஆவடியில் டாங்க் செய்யும் தொழிற்சாலையில் அவர் கிரேன் ஓட்டுநர். வயது நாற்பத்து மூன்று. அன்று செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டு. கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்திருந்தவர் பதினோரு மணிக்கு இறங்க எழுந்தபோது இரண்டு கால்களும் எழவில்லை. கீழே கொக்கி மாட்டும் வேலை பார்த்த வீராசாமி அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டான்.

"இன்னா மாமே, மேலயே குடித்தனம் வெச்சிட்டியா? எறங்கு, டீ ஆறிப் போவுது."

கூண்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. பிறகு நான்கு பேர் ஏறிக் கயிறு கட்டி அவரை இறக்கினார்கள்.

அவர் மனைவி வனஜாவுக்குச் செய்தி வந்தபோது அவள் குவார்ட்டர்ஸ் குழாயடியில் இருந்தாள். பாதி நிரம்பிய குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொழிற்சாலை மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கே இருந்த மருத்துவர் மாத்திரை எழுதினார், குடிக்க ஒரு பொட்டாசியம் மருந்து கொடுத்தார், கடைசியாக அவளைப் பார்த்துச் சொன்னார்: "உப்பைக் குறைம்மா. இந்தப் பிரஷருக்கு உப்பு விஷம்."

விஷம் என்ற அந்தச் சொல்லை வனஜா பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் குமணன்சாவடிப் பக்கம் பிறந்த வீடு. கஷ்டம் என்றால் மாங்காட்டு அம்மனிடம் போவது அந்தப் பக்கத்துப் பழக்கம். ஜூலை 19 தொடங்கி ஆறு வெள்ளிக்கிழமை இரண்டு இரண்டு எலுமிச்சம் பழத்தோடு போய் வந்தாள். கூடவே ஒரு வேண்டுதலும் வைத்தாள். அவர் பழையபடி கிரேன் ஏறும்வரை வெள்ளிக்கிழமைகளில் அவள் உப்பில்லாமல் சாப்பிடுவாள். அவருக்கு எந்த நாளும் உப்பே கிடையாது.

செப்டம்பர் 20-ஆம் தேதி எண்களைப் பாருங்கள். இறங்கியிருந்தன. கால் திடமானது. இரவில் ஐந்தாறு முறை சிறுநீருக்கு எழுந்துகொண்டிருந்தவர் ஒரு முறை எழுந்தார். அக்டோபரில் மறுபடி கிரேன் ஏறினார். அம்மன் கண் திறந்தாள் என்று வனஜா நம்பினாள். உப்புதான் எமன் என்பதையும் அதே உறுதியோடு நம்பினாள்.

நவம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை வீராசாமியின் தங்கை கல்யாணம், பூந்தமல்லியில். வனஜா பெண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பந்தியில் என்ன நடந்தது என்பது மறுநாள் வீராசாமி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நான்கு மாதம் உப்பைப் பார்க்காத மனிதர் மாங்காய் ஊறுகாயை மூன்று முறை கேட்டு வாங்கினார். ஏழு அப்பளம். சாம்பார், ரசம், மோர் மிளகாய். மறுநாள் காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரல் மடங்கவில்லை.

இந்த முறை தொழிற்சாலை மருத்துவமனை அவரைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கேதான் டாக்டர் பரந்தாமனைப் பார்த்தார்கள். மெலிந்த மனிதர், நோயாளியைவிட நோயாளியின் வீட்டாரிடம் அதிகம் கேட்பவர். எப்போது விழுந்தார், முதல் நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வனஜா கல்யாணப் பந்தி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"உப்பு இல்லாம இருந்தா நல்லா இருக்கார், உப்பு சாப்பிட்டா விழறார். அப்படித்தானே?"

"ஆமாங்க. நான் கண்ணால பாத்தேங்க."

"அம்மா, நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. எனக்கு இது ரொம்ப உதவி."

அவர் ஒரு தாளில் இரண்டு அவரை விதை போல வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குல்லாய் போட்டார். விதைகள் சிறுநீரகங்கள். குல்லாய் அட்ரீனல் சுரப்பி. அதில் ஒன்றில் சின்னக் கட்டி ஒன்று இருந்து அளவுக்கு மேல் சுரந்தால், உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். உப்பு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு பொட்டாசியம் வெளியே போகும். கட்டியைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், சில கட்டி மிளகளவுதான் இருக்கும்.

"கட்டி இருக்கான்னு மொதல்ல நிச்சயம் பண்ணணும். மூணு நாள் நிறைய உப்பு சாப்பிடணும். மூணாவது நாள் காலை ஆறுலேர்ந்து மறுநாள் காலை ஆறு வரைக்கும் போற சிறுநீர் மொத்தத்தையும் இந்தக் கேன்ல பிடிச்சுக் கொண்டாங்க. பொட்டாசியம் மருந்தை விடாம கொடுங்க, பயம் இல்லை."

இரண்டு கிராம் உப்பு மடித்த காகிதப் பொட்டலம் ஒன்பது கொடுத்தார். வேளைக்கு ஒன்று, மோரில் கலந்து. வனஜா பொட்டலங்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆவடி ரயிலில் வரும்போது அந்த முடிச்சு மடியில் நெருப்பாகக் கிடந்தது. ஊறுகாய்க்கே விழுந்த மனிதருக்குப் பதினெட்டு கிராமா. அந்த டாக்டர் நல்லவர்தான். ஆனால் விழுந்தால் தூக்குவதற்கு அவர் குவார்ட்டர்ஸுக்கு வரப்போகிறாரா.

டிசம்பர் 11 காலை மோரைக் கடைந்து இஞ்சி தட்டிப் போட்டாள். பெருங்காயம் போட்டாள். பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பிரிக்கவில்லை. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினாள்.

கஜபதி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாடி, உப்பே இல்ல?"

"ஒரு பொட்டலம் கொட்டிகீறேன். அஞ்சு மாசமா துன்னாத நாக்கு. செத்துப் போயிருக்கும்."

"செத்த நாக்குக்கு இஞ்சி மட்டும் எப்புடி உறைக்குது?"

"குடிங்க. வழக்கு பேசாதீங்க."

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அவர் மறுபடி விழுந்ததும் வேண்டுதலைத் திரும்பத் தொடங்கியிருந்ததால் அன்று அவள் தனக்கும் உப்பு போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது பொட்டலமும் பாட்டிலில் சேர்ந்தன. அவற்றைக் குப்பையில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. உப்பு லட்சுமி, கால் படும் இடத்தில் போடக் கூடாது. அந்த ஒரு பழக்கம் இல்லாமல் இருந்தால் பிற்பாடு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

சனிக்கிழமை காலை 1,480 மில்லி சிறுநீர் இருந்த கேனைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலடி வழியில் வீராசாமி எதிர்ப்பட்டான்.

"இன்னா அண்ணி, கெரசினா? எந்தக் கடைல ஊத்தறான்?"

"உங்க அண்ணன் கடைல."

ரயிலிலும் பக்கத்து சீட்டுப் பெண் அதையே கேட்டாள். வனஜா கேனை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 30 திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து தொழிற்சாலை மருத்துவமனைக்குப் போன கடிதத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. கஜபதி உரக்கப் படித்தார். பொட்டாசியம் 3.6. சுரப்பியில் கோளாறு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. மாத்திரை தொடரவும். அந்தச் சமயம் பரந்தாமன் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். வேறு யாரோ கையெழுத்து போட்டிருந்தார்கள்.

இரண்டு நாளில் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு தாள் வந்தது. காரணம் தெரியாமல் இருமுறை செயலிழந்தவரைக் கிரேனில் வைத்திருக்க முடியாது. 1992 ஏப்ரல் 30 அன்று மருத்துவ வாரியத்தின் முன் ஆஜராக வேண்டும். குறை தீரும் என்று வாரியத்துக்குக் காட்ட முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் மூன்று மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"கட்டி இல்லன்னுட்டான்," என்றார் கஜபதி. "இருந்திருந்தா எடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். இல்லாதத எங்கேந்து எடுக்கறது?"

மகள் புஷ்பா ஏழாவது படிக்கிறவள். பள்ளிக்கூடம் மாறணுமா என்று கேட்டாள். வனஜா சமையலறைக்குள் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டி இல்லை என்று எழுதியது ஆஸ்பத்திரி. எழுத வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அடிப்பார் என்ற பயம் இல்லை. அவர் அடிக்கிறவர் அல்ல. இனி அவள் கையால் ஊற்றும் மோரை அவர் சந்தேகத்தோடு பார்ப்பாரே, அதை நினைத்துத்தான் வாய் வரவில்லை. ஜனவரி 6 திங்கட்கிழமை, மாங்காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரந்தாமன் விடுப்பு முடிந்து வந்திருந்தார். பாட்டிலைத் திறந்து மேஜைமேல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்பது.

அவர் எண்ணினார். பிறகு கஜபதியின் ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

"இன்னைக்குக் காலைலதான் இதைப் பாத்தேன். சிறுநீர்ல சோடியம் 38. உப்பு சாப்பிட்டவருக்கு இருநூறுக்கு மேல இருக்கணும். ரிப்போர்ட்ல இருக்கு, யாரும் கவனிக்கல. உங்க வீட்டுக்காரர்தான் குடிக்காம கொட்டிட்டார்னு நினைச்சேன்."

"அவரு மேல தப்பு இல்லீங்க. அவரு கேட்டாரு. நான்தான் போட்டேன்னு சொல்ட்டேன்."

"ஏம்மா?"

"விஷம்னு சொன்னாங்களே."

டாக்டர் பொட்டலங்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அவருக்கு அது விஷம்தான்," என்றார். "அதனாலதான் மூணு நாள் மட்டும் கேட்டேன். இதை நீங்க இன்னைக்கு வந்து சொல்லாம இருந்தா, சொன்னதைக் கேக்காத நோயாளின்னு இந்த ஃபைலை மூடியிருப்பேன்."

அன்று சாயங்காலம் அவள் கணவனிடமும் சொன்னாள். கஜபதி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இஞ்சி உறைச்சப்பவே எனக்கு டவுட்டு," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது சோதனை பொங்கலோடு வந்தது. ஜனவரி 15, 16, 17. அதே ஒன்பது பொட்டலம். ஒவ்வொன்றையும் அவர் கண் முன்னால் பிரித்தாள், கலக்கினாள், கொடுத்தாள். காணும் பொங்கலன்று சாயங்காலம் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் வாசலில் காத்து நின்றாள். உள்ளே சத்தம் நின்றால் கதவைத் தட்டினாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேன் நிரம்பி இரண்டாவது கேனும் பாதி ஆகியிருந்தது.

பிப்ரவரி 3-இல் முடிவு வந்தது. சுரப்பு அளவுக்கு மேல் இருந்தது. கட்டி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. 7-ஆம் தேதி ஸ்கேன். இடது சுரப்பியில் 14 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஏப்ரல் 6-க்குப் படுக்கை எழுதிக் கொடுத்தார். கஜபதி அன்று ரயிலடியில் வீராசாமிக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

பரந்தாமனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அங்க ஒரு முடிச்சு இருக்குன்னு படம் சொல்லுது. அதுதான் சுரக்குதுன்னு சொல்லல. நாற்பது தாண்டினவங்களுக்குச் சும்மா கிடக்கிற முடிச்சும் இருக்கும். ரெண்டு பக்கத்து ரத்தத்தையும் தனித்தனியா எடுத்துப் பாக்கணும்."

மார்ச் 3 அன்று தொடை ரத்த நாளத்தின் வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தினார்கள். இடது பக்கம் இருபது நிமிடத்தில் கிடைத்தது. வலது பக்க நாளம் குட்டை. குழாய் நுழைவதற்குள் நழுவிவிடும். மொத்தம் 3 மணி 10 நிமிடம். வனஜா வெளியே பெஞ்சில் இருந்தாள். சுவர்க் கடிகாரம் அவள் தலைக்கு மேலே இருந்ததால் ஒவ்வொரு முறையும் எழுந்து திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து, கிடைத்தது என்றார். ரத்தம் ஐஸில் வைத்துப் பம்பாய்க்குப் போயிற்று. பதில் வர ஐந்து வாரம் ஆகலாம் என்றார்கள்.

ஐந்து வாரம் என்றால் ஏப்ரல் 7. படுக்கை ஏப்ரல் 6. வாரியம் 30.

வனஜா தினமும் தபால்காரர் வரும் பதினொன்றரை மணிக்குக் கதவைத் திறந்து வைத்தாள். மார்ச் முடிந்தது. கடிதம் இல்லை. ஏப்ரல் 5 ஞாயிறு மாலை கஜபதியை வார்டில் சேர்த்தார்கள். காலையில் செவிலி ஒரு படிவத்தோடு வந்தாள். நோயாளியின் கையெழுத்துக்குக் கீழே நெருங்கிய உறவினர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். கஜபதி போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

வனஜா வாங்கவில்லை. "லெட்டர் வரட்டும்."

"லெட்டர் இன்னாத்துக்கு? படத்துலதான் கீதே."

"எந்தப் பக்கம்னு நிச்சயமா தெரியாது."

"எடதுன்னு டாக்டரே சொல்லிகீறாரு."

"படத்தப் பாத்தவரு சொன்னாரு. ரத்தத்த எடுத்தவரு இன்னும் சொல்லல."

கஜபதியின் குரல் தாழ்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கு விட்டா ஜூன்லதான் கட்டில் கெடைக்குமாம். முப்பதாம் தேதி போர்டு. இன்னா சொல்றது அங்க? எம் பொண்டாட்டி தபாலுக்குக் காத்துகினு கீறான்னா?"

"அதயே சொல்லுங்க."

"ஒரு தபா உன்னால கெட்டுது வனஜா."

"தெரியும். அவசரப்பட்டு என் புத்திக்கு ஒண்ணு செஞ்சேன், கெட்டுது. இப்போ நல்ல சுரப்பிய எடுத்துட்டு கெட்டத உள்ள வெச்சுத் தெச்சிட்டா, அத எந்தப் பாட்டில்ல போட்டு வெச்சிருந்து திருப்பிக் குடுக்கறது?"

அறுவை மருத்துவர் வந்தார். பெண்கள் படிவத்தோடு விளையாடக் கூடாது என்றார். பரந்தாமன் எங்கே என்று வனஜா கேட்டாள்; அவரும் வந்தார். இருவரும் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள். வனஜாவுக்குக் கேட்டது ஒன்றுதான்: "அந்த அம்மா சொல்றதுல தப்பு இல்லை சார்." பத்து மணிக்குக் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் பத்து நாள் கஜபதி அவளிடம் பேசவில்லை. சோறு கேட்பதைப் புஷ்பா வழியாகக் கேட்டார். வீராசாமி வந்து உட்கார்ந்தாலும் சிரிப்பு எழவில்லை. "அண்ணி, நீங்க சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம்," என்றான். "எனக்குப் பயமா கீது." அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் கலையும்போதெல்லாம் பக்கத்தில் படுத்திருப்பவரின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகுக்குள் இடமோ வலமோ ஒரு மிளகு. பம்பாயில் யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். அல்லது ஐஸ் உருகியிருக்கும். அல்லது சீசாக்கள் இடம் மாறியிருக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நினைத்து விடிய வைத்தாள். இடதுதான் என்று கடிதம் வந்தால், வாரியம், வேலை, வீடு, புஷ்பாவின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் போடாத ஒரு கையெழுத்தால் போனதாகும்.

சித்திரை பிறந்தது. வாசலில் கோலம் போட்டாள். வேப்பம்பூப் பச்சடியில் அவர் பங்குக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை தபால்காரர் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வந்தார். பதிவுத் தபால். பெயர் கஜபதி என்று இல்லை. திருமதி வனஜா என்று இருந்தது. கையெழுத்து போட்டு வாங்கினாள். பிரிக்கத் தைரியம் வரவில்லை. கஜபதி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பத்து நாளில் முதல் தடவையாக நேரே அவளிடம் பேசினார்.

"குடு. நான் படிக்கிறேன்."

பரந்தாமன் தமிழில் எழுதியிருந்தார். கஜபதி உறையைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே படித்தார்.

"அம்மா, பம்பாயிலிருந்து முடிவு நேற்று வந்தது. இடது பக்க ரத்தத்தில் அந்தச் சுரப்பு மிகவும் குறைவு. வலது பக்கத்தில் அதைப்போல் இருபத்திரண்டு மடங்கு. கட்டி வலது சுரப்பியில் இருக்கிறது. படத்தில் தெரியாத அளவு சிறியது. இடது பக்கம் தெரிந்த முடிச்சு எதையும் சுரக்கவில்லை. அதைத் தொட வேண்டாம். மே 11-க்குப் படுக்கை வாங்கியிருக்கிறேன். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது, மூன்று மாதம் பொறுக்கவும் என்று வாரியத்துக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. இந்த முறை படிவத்தில் கையெழுத்து போடுங்கள்."

கஜபதி கடிதத்தை மடித்தார். இடது விலாவைக் கையால் தடவினார். பிறகு வலது விலாவை. இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

"எடது பக்கத்த எடுத்திருப்பாங்க," என்றார்.

வனஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உறை இன்னும் அவள் கையில் இருந்தது. அதன்மேல் ஆவடித் தபால் நிலையத்தின் முத்திரை கோணலாக விழுந்திருந்தது: 1992 ஏப்ரல் 16.